கைப்பிடி இல்லாத கப்

என் மனைவி வெளியிடங்களில் டீ குடிப்பதை நிறுத்திவிட்டாள் என்பது எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை. அம்பாசமுத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே நாங்கள் வழக்கமாகப் போகிற டீக்கடைக்காரர் சொன்னார்.

“என்ன சார், டீச்சரம்மா இப்பல்லாம் டீயைத் தொடவே மாட்டேங்காங்க. நம்ம கடை டீ பிடிக்கலையோ?”

அவள் அப்போது நாலு கடை தள்ளிப் பூ வாங்கிக்கொண்டிருந்தாள். எப்போதும் நான் டீ சொல்கிற நேரத்தில்தான் அவளுக்குப் பூ வாங்கவோ, மருந்துக்கடைக்குப் போகவோ வேண்டியிருக்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. வீட்டுக்கு நடக்கிற வழியில் கேட்டேன். “வயிறு சரியில்ல” என்றாள். ஆறு மாதமாகவா என்று கேட்டதும் பூவைப் பைக்குள் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள்.

அவளுக்குக் கை நடுங்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருநெல்வேலியில் டாக்டரிடம் காட்டினோம். பயப்படுகிற வியாதி இல்லை, ஆனால் முழுக்கப் போகவும் போகாது, மாத்திரையில் பாதி அடங்கும் என்றார். அப்படியே பாதி அடங்கியது. சும்மா மடியில் வைத்திருந்தால் கை அமைதியாக இருக்கும். எதையாவது எடுத்து வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் ஆடும். மாத்திரை வாங்கிக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைத்துவிட்டேன்.

முப்பது வருடம் பெண்கள் பள்ளியில் வேதியியல் சொல்லிக் கொடுத்தவள் அவள். சோதனைக் குழாயில் சொட்டுச் சொட்டாக அமிலம் விடும்போது அவள் கையைப் பார்க்கவே பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள் என்று அவளோடு வேலை பார்த்தவர்கள் சொல்லுவார்கள். நான் திருநெல்வேலியில் ஒரு பாலிடெக்னிக்கில் பொறியியல் வரைபடம் சொல்லிக் கொடுத்தேன். தினமும் ரயிலில் போய் வருவேன். இருவரும் ஓய்வு பெற்ற பிறகுதான் சாயங்காலம் நாலு மணி டீ எங்களுக்கு ஒன்றாக வாய்த்தது.

எங்கள் வீட்டில் டீ என்றால் கண்ணாடி கிளாஸில்தான். அது அவள் வைத்த சட்டம். நடுக்கம் வந்த பிறகு தனக்கு மட்டும் அரை கிளாஸாக ஊற்றிக்கொள்வாள். அவளுக்கு டீ முதலில் ஒரு நிறம், அப்புறம்தான் ருசி. வடிகட்டியதும் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். “இன்னும் அரை நிமிஷம் கொதிச்சிருக்கணும்” என்பாள், அல்லது ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொள்வாள். ஒன்றும் சொல்லாவிட்டால் டீ சரியாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு நிறம் அவ்வளவு பிடிபடாது. நான் பார்ப்பது வடிவத்தை. டீக்கடை கிளாஸைத்தான் முதல் வருட மாணவர்களுக்கு முதல் பயிற்சியாக வரையக் கொடுப்பேன். அடிப்பாகம் தடித்து, மேலே போகப் போக விரிந்து, விரல் வழுக்காமல் இருக்க வரி வரியாகப் புடைப்பு வைத்து, விளிம்புக்குக் கீழே சூடு ஏறாத ஒரு விரல்கடை இடமும் விட்டு, யாரோ நன்றாக யோசித்துச் செய்த பொருள் அது. எவர்சில்வர் டம்ளரில் டீ உதட்டுக்கு வருவதற்கு முன்னால் சூடு வந்துவிடும். பீங்கான் கப்பின் காதில் என் விரல் ஒன்றுகூட முழுசாக நுழையாது.

அந்தப் பீங்கான் கப்தான் அவளை நிறுத்தியிருக்கிறது. நான் விடாமல் கேட்டதும் இரண்டு நாள் கழித்துச் சொன்னாள். வள்ளியூரில் அவளுடைய சித்தப்பா பேத்திக்கு நிச்சயதார்த்தம். நாங்கள் இருவரும்தான் போயிருந்தோம். நான் முன்னறையில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். உள்ளே பெண்களுக்குச் சாசரோடு பீங்கான் கப்பில் டீ கொடுத்திருக்கிறார்கள். இவள் வாங்கியதும் கப் சாசரில் கடகடவென்று அடிக்க ஆரம்பித்திருக்கிறது. பேச்சு நின்று எல்லோரும் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள்.

“பாத்தாக்கூடப் பரவால்ல” என்றாள். “பக்கத்துல இருந்த ஒரு பொம்பள, எனக்கு யாருன்னே தெரியாது, ஐயோ பாவம்னு சொல்லிட்டு என் கையில இருந்து கப்பை வாங்கி என் வாய்ல வச்சிட்டா. நான் குடிச்சேன். வேற என்ன செய்ய? அத்தனை பேரும் பாத்துட்டு இருக்காங்க. ஒரு வாய், ரெண்டு வாய்னு குடிச்சேன்.”

அவள் அழவில்லை. நான் முன்னறையில் அதே நேரத்தில் அதே டீயைக் குடித்துக்கொண்டு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

என் சுபாவம் எதையும் உடனே சரிசெய்யப் பார்க்கிற சுபாவம். மறுநாளே கடைவீதிக்குப் போய் மூடி போட்ட எவர்சில்வர் டம்ளர் ஒன்று வாங்கி வந்தேன். சூடு தாங்காமல் அவள் கீழே வைத்துவிட்டாள். பெரிய கைப்பிடி வைத்த தடித்த கப் ஒன்று வாங்கினேன். ஒரு கையால் தூக்கும்போது பாரம் ஒரு பக்கமாக இழுத்து ஆட்டம் இன்னும் கூடியது. அதற்கப்புறம்தான் அந்தப் பெரிய தப்பைச் செய்தேன். திருநெல்வேலியில் ஒரு மருந்துக்கடையில், படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்கு என்று மூக்கு வைத்த பிளாஸ்டிக் கப் விற்பதைப் பார்த்து வாங்கிக்கொண்டு வந்தேன். சிந்தாது, உடையாது, சூடும் தெரியாது. சாயங்காலம் டீயை அதில் ஊற்றி அவள் முன்னால் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

“நான் இன்னும் படுக்கையில விழல” என்றாள்.

எழுந்து போய்விட்டாள். மறுநாள் காலையில் பார்த்தால் அந்தக் கப்பை வைத்து ஜன்னல் ஓரத்துத் தொட்டிச் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். மூக்கு வழியாகத் தண்ணீர் அளவாக வேரில் விழுந்தது. “நல்லா இருக்கு, இதுக்கு ஆகும்” என்று என்னிடம் சொன்னாள். அதற்கப்புறம் இரண்டு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டதைத் தவிர வேறு பேச்சு இல்லை.

பேச்சு இல்லாத அந்த இரண்டு நாளில் நான் வரைபலகையை எடுத்தேன். ஓய்வு பெற்ற பிறகு பரண்மேல் போட்டிருந்த பலகை. இரண்டு பக்கமும் கைப்பிடி, அகலமான அடி, உள்ளே ஒரு சுவர், வெளியே ஒரு சுவர், நடுவில் சூடு ஏறாமல் காற்று. முன்தோற்றம், மேல்தோற்றம், நடுவே வெட்டிப் பார்த்த தோற்றம் மூன்றும் அளவுகளோடு வரைந்து முடித்தேன். நன்றாக வந்திருந்தது. மாணவன் யாராவது கொண்டு வந்திருந்தால் முழு மதிப்பெண் கொடுத்திருப்பேன்.

இதை யார் செய்து கொடுப்பார்கள் என்று டீக்கடைக்காரரைக் கேட்டேன். அவர் கடையில் மண் கப்பில் டீ விற்க ஆரம்பித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பாபநாசம் அருவிக்குப் போகிற கூட்டம் மண் கப் டீயைக் கேட்டுக் குடிக்கிறது. காருக்குறிச்சியில் ஒரு அம்மா செய்து கொடுக்கிறார்கள், வாரத்துக்கு இரண்டு மூட்டை வருகிறது, தென்காசி வரைக்கும் அவர்கள் சரக்குத்தான் போகிறது என்றார்.

பஸ்ஸில் கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர் தாண்டினால் காருக்குறிச்சி. வழி நெடுக இரண்டு பக்கமும் நடவு முடிந்த வயல். வரைபடத்தைச் சுருட்டிக் குழலில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கலாம். நீளமான தகரக் கொட்டகையில் மூன்று சக்கரங்கள் மோட்டாரில் ஓடின. இரண்டு பெண்கள் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சுவர் முழுக்கக் காயவைத்த கப்புகள் கூரை வரைக்கும் அடுக்கியிருந்தன. போனில் யாருடனோ சரக்கு அனுப்புவது பற்றிப் பேசிக்கொண்டே என் படத்தை வாங்கி, விரித்து, தலைகீழாகப் பார்த்தார். நான் அதை நேராகத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன்.

“இது யாருக்கு அண்ணாச்சி?”

“என் மனைவிக்கு. கை நடுக்கம் இருக்கு.”

“அவங்க வரலியா?”

“இல்ல. அளவெல்லாம் இதுல இருக்கு.”

அவர் சிரிக்கவில்லை. படத்தைச் சுருட்டி என்னிடமே கொடுத்தார்.

“கையைப் பாக்காம நான் எப்பிடிச் செய்ய? போன மாசம் ஒருத்தர் இதே மாரி படம் வரைஞ்சு கொண்டாந்தாரு. செஞ்சது அங்கன கிடக்கு பாருங்க, வாங்கவே வரல. அக்காவைக் கூட்டிட்டு வாங்க. பைய வாங்க, ஒண்ணும் அவசரம் இல்ல.”

திரும்பி வரும்போது எனக்குக் கொஞ்சம் கோபம்தான். முப்பத்திரண்டு வருடம் வரைபடம் சொல்லிக் கொடுத்தவன் நான். வீரவநல்லூர் வருவதற்குள் அந்தக் கோபம் போய்விட்டது. வேறொன்று தோன்றியது. படம் முழுக்க அளவு போட்டிருந்தேனே தவிர, அவள் கை அளவை நான் எடுக்கவே இல்லை. என் கையைப் பலகையில் வைத்துப் பார்த்துக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தேன், அவ்வளவுதான்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். முன்பின் தெரியாத ஒருத்தரிடம் அவள் கையைப் பற்றிப் பேசியதற்கு வைவாள் என்று எதிர்பார்த்தேன். “படத்தைக் கொண்டாங்க” என்றாள். மேஜையில் விரித்துக் கண்ணாடி போட்டுக்கொண்டு, விடைத்தாள் திருத்துவதுபோல ஒவ்வொரு தோற்றமாகப் பார்த்தாள்.

“இது கப்பா, பால் காய்ச்சுற அண்டாவா?”

“ரெண்டு கைப்பிடி இருந்தா பிடிக்க வசதியா...”

“ஏங்க, கைப்பிடியிலதானே ஆடுது. தள்ளிப் பிடிக்கப் பிடிக்க ஆட்டம் கூடத்தான் செய்யும். உங்களுக்குத் தெரியாதா?”

நெம்புகோல் கணக்கு. எனக்குத் தெரியாததில்லை, ஆனால் தோன்றவில்லை. அவள் சிரித்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு அந்தச் சிரிப்பைக் கேட்டேன். “நாளைக்கு நானே வாரேன்” என்றாள்.

காருக்குறிச்சியில் அந்த அம்மா இவளைப் பார்த்ததும் கையை நீட்டச் சொல்லவில்லை, எப்போதிலிருந்து நடுக்கம் என்றும் கேட்கவில்லை. பிசைந்த மண்ணில் ஒரு உருண்டை எடுத்து இவள் கையில் கொடுத்தார்.

“சும்மா வச்சிருங்க அக்கா. பேசிட்டு இருப்போம்.”

எந்தப் பள்ளிக்கூடம், எத்தனை பிள்ளைகள் என்று பேசினார்கள். பேசப் பேச இவள் தன்னை அறியாமல் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே அந்த உருண்டையைப் பொத்தி, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டாள். அந்த அம்மா அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அலமாரியிலிருந்து பல அளவில் ஏழெட்டுக் கப்புகளை எடுத்துத் தண்ணீர் நிரப்பி ஒவ்வொன்றாகக் குடிக்கக் கொடுத்தார். சிலது சிந்தியது. சேலையெல்லாம் நனைந்தது. அங்கே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கொட்டகையில் எல்லோர் சேலையும் ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

கைப்பிடி இல்லாத கப்புதான் சரி என்று ஆனது. அடி கனமாக இருந்தால் ஆட்டம் அடங்குகிறது, நடுவில் கொஞ்சம் ஒடுங்கினால் இரண்டு கையும் பொருந்தி நிற்கிறது என்பதும் தெரிந்தது. விளிம்பைத் தாண்டி அலை தெறிப்பது மட்டும் நிற்கவில்லை. அதற்கு இவள்தான் வழி சொன்னாள்.

“ஆய்வுக்கூடத்துல கூம்புக் குடுவைன்னு ஒண்ணு உண்டு. அடி அகலம், வாய் குறுகல். அதை எப்பிடிச் சுத்தினாலும் ஒரு சொட்டு வெளிய வராது. அந்த மாதிரி வாய்கிட்ட லேசா உள்ள வளைச்சு விட முடியுமா? ரொம்பக் குறுக்கிராதீங்க, மூக்கு இடிக்கும்.”

அந்த அம்மா சக்கரத்தில் உட்கார்ந்தார். பச்சை மண்ணில் ஒரு கப் எழுந்தது. கட்டைவிரலால் வாயை உள்பக்கம் லேசாக வளைத்துவிட்டு இவளைப் பார்த்தார். இவள், “இன்னும் கொஞ்சம்” என்றாள். அவர் இன்னும் கொஞ்சம் வளைத்தார். “போதும்.” நான் ஒரு ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். என் படம் குழலுக்குள்ளேயே இருந்தது.

“உள்ள பளபளன்னு பூச்சு போட்டுத் தரவா அக்கா?”

“வேண்டாம். அதுல ஈயம் இருந்தா நல்லதில்ல. வெறும் மண்ணே போதும்.”

“அப்ப ஒண்ணு செஞ்சிருதேன். சுட்டுக் காட்டுதேன், பிடிச்சிருந்தா எடுத்துக்கிடுங்க.”

“ஒண்ணு இல்ல, ஆறு வேணும். ஆறும் ஒண்ணு போல இருக்கணும்.”

நான் குறுக்கே புகுந்து, முதலில் ஒன்று செய்து பார்க்கலாமே, மீதிப் பேருக்குத்தான் வீட்டில் கிளாஸ் இருக்கிறதே என்றேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு மட்டும் தனியா ஒரு கப்புன்னா அது மருந்துச் சாமான். நீங்களும் அதுலதான் குடிக்கணும். வீட்டுக்கு வாரவங்களும் அதுலதான் குடிக்கணும்.”

நான் ஆறு கப்புக்கும் முன்பணத்தை எடுத்துக் கொடுத்தேன்.

கப்புகள் உடனே வந்துவிடவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காயாத மண்ணைச் சூளையில் வைக்க முடியாது. ஒரு வழியாகச் சுட்ட முதல் ஆறில் நாலு அடியில் விரிசல் விட்டது. கனம் வேண்டும் என்று அடியைத் தடிமனாக வைத்ததில், உள்ளே ஈரம் தங்கிவிட்டது என்று அந்த அம்மா போனில் சொன்னார். தடிமனைக் கொஞ்சம் குறைத்து அடியை அகலமாக்கலாமா என்று இவள் கேட்டாள். இருவரும் தினமும் பேச ஆரம்பித்தார்கள். பேச்சு கப்பில் தொடங்கி அந்த அம்மாவின் மகள் எந்தக் கல்லூரியில் சேரலாம் என்பதில் போய் முடியும். அடுத்த அறையில் பேப்பர் படிப்பதுபோல நான் கேட்டுக்கொண்டிருப்பேன். போன் வைத்ததும், “என்ன சொல்லுதாங்க?” என்று கேட்பேன். “அது எங்க வேலை” என்பாள்.

கார்த்திகையில் ஒரு மத்தியானம், வைக்கோல் அடைத்த அட்டைப் பெட்டியில் எட்டுக் கப்புகள் வந்தன. உடைந்தால் இருக்கட்டும் என்று இரண்டு கூடுதல். செங்கல் நிறம். வெளிப்பக்கம் கூழாங்கல்லால் தேய்த்து வழுவழுப்பாக்கியிருந்தார். கையில் எடுத்தால் கப்பின் நடுப்பகுதி தானாக உள்ளங்கைக்குள் வந்து உட்கார்ந்தது. எந்த அளவும் எடுக்காமல் பிடித்துப் பிடித்துப் பார்த்தே செய்த பொருள். என் படத்தில் அது வந்திருக்காது.

புதுச் சட்டியைப் பழக்குவதுபோல மூன்று நாள் கஞ்சித் தண்ணீரில் கொதிக்கவைத்து வெயிலில் காயவைத்தாள். நாலாம் நாள் டீ போட்டோம். வடிகட்டியதைக் கண்ணாடி கிளாஸில் பிடித்து அவள் நிறம் பார்த்ததும், நான் மண் கப்புக்கு மாற்றினேன். இப்போது ஊற்றுவது என் வேலை. அரைக்கு மேல் ஒரு விரல்கடை. அதற்கு மேல் கூடாது. அவள் இரண்டு கையாலும் எடுத்தாள். கப் ஆடியது. ஆடவில்லை என்று சொன்னால் பொய். டீ உள்ளே சுழன்று வளைந்த வாயில் முட்டித் திரும்பியது. வெளியே வரவில்லை. குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

“மண்ணு.”

“என்ன?”

“ஆத்து மண்ணைத் தின்ன மாதிரி இருக்கு.”

ஒரு வாரம் அப்படித்தான் இருந்தது. பிறகு அந்த வாடை குறைந்தது. அல்லது எங்களுக்குப் பழகியது.

அவளோடு பள்ளியில் வேலை பார்த்த மூன்று டீச்சர்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று பல மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இவள்தான் ஏதாவது காரணம் சொல்லித் தள்ளிப்போட்டுவந்தாள். மார்கழி பிறந்ததும் அவளே போன் போட்டு வரச் சொன்னாள். அன்று மத்தியானம் முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கப்புகளைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடி கழுவினாள். “கிளாஸ்லயே குடுத்துருவோமா?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். நான் பால் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டேன். இந்த விஷயத்தில் நான் சொன்னது எதுவும் சரியாக வந்ததில்லை.

டீயை நான்தான் ஊற்றிக் கொண்டுபோனேன். ஐந்து கப், ஒரே நிறம், ஒரே அளவு. முதலில் எடுத்த டீச்சர் ஒரு கையால் எடுக்கப் பார்த்தார். கைப்பிடியும் இல்லை, கனமும் அதிகம். இன்னொரு கையையும் கொண்டுவந்தார். மற்ற இருவரும் அப்படியே செய்தார்கள். நானும்தான். அறையில் ஐந்து பேரும் இரண்டு கையாலும் கப்பைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெளியே நல்ல பனி.

“நல்லா இருக்கே டீச்சர், கைக்கு இதமா. எங்க வாங்கினீங்க?”

“வாங்கல, செய்யச் சொன்னது” என்றாள் இவள். கூம்புக் குடுவைக் கதையைச் சொன்னாள். நடுக்கத்தைப் பற்றியும் அவளாகவே சொன்னாள். “இப்ப கை ஆடுது, முன்ன மாதிரி இல்ல” என்று, மழை பெய்தது என்று சொல்வதுபோலச் சொன்னாள். கணக்கு டீச்சர், தனக்கு முழங்கால் போய்விட்டதாகச் சொன்னார். இன்னொருவர் கண்ணைச் சொன்னார். பேச்சு பழைய தலைமையாசிரியை, தேர்வு நேரம், ஆய்வுக்கூடத்தில் நடந்த ஒரு தீ விபத்து என்று எங்கெங்கோ போனது. அந்தத் தீ விபத்தைக் கையால் காட்டிச் சொல்லும்போது இவள் கப்பிலிருந்து கொஞ்சம் டீ சேலையில் தெறித்தது. முந்தானையால் துடைத்துவிட்டுச் சொல்லிக்கொண்டே போனாள். யாரும் பேச்சை நிறுத்தவில்லை. நான் எழுந்து உள்ளே போய் இன்னொரு தடவை டீ போட்டேன்.

இது நடந்து ஒன்றரை வருடம் ஆகிறது. எட்டுக் கப்பில் ஒன்று என் கையிலிருந்து விழுந்து உடைந்தது. காருக்குறிச்சி அம்மா அந்த வடிவத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி டீக்கடைகளுக்கும் அனுப்புகிறார். மகள் திருநெல்வேலியில் வேதியியல் படிக்கிறாள், சந்தேகம் வந்தால் இவளுக்குத்தான் போன். நடுக்கம் போகவில்லை. இந்தக் கோடையில் கொஞ்சம் கூடி, டாக்டர் மாத்திரையை மாற்றினார். காலையில் எழுந்ததும் எந்தக் கப்பையும் அவளால் வாய்க்குக் கொண்டுபோக முடிவதில்லை. மாத்திரை போட்டு ஒன்றரை மணி நேரம் ஆக வேண்டும். அதனால் ஆறு மணி டீயை எட்டு மணிக்கு மாற்றிவிட்டோம். அதற்குள் நான் பேப்பரை முடித்துவிடுவேன், அவள் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுவிடுவாள். பின்வாசல் படியில் வெயில் வந்திருக்கும். அங்கே உட்கார்ந்து குடிக்கிறோம்.